கண்டியில் கடனும் வீட்டுக் காசும்

கடனைத் திருப்பிக் கட்ட வழியற்றுப்போன குடும்பத்தின் கையிருப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கண்டிச் சீமையில் மிகப் பழையது. அரசர் காலத்தில் அது நெல்லைப் பற்றியதாக இருந்தது. கோப்பிக் காலத்தில் வங்கி நோட்டையும் தோட்டக் கணக்கையும் பற்றியதாயிற்று. இன்று சம்பளக் கணக்கும் அடகுச் சீட்டும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆங்கிலேயர் கொண்டுவந்த முறிவுச் சட்டம், ஒருவர் எவ்வளவு கடன்பட்டார் என்பதைக் காட்டிலும், முறிவுக்கு முந்திய மாதங்களில் தம் காசை எப்படிக் கையாண்டார் என்பதையே கூர்ந்து பார்த்தது. தம் கணக்கைத் தாமே எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் ஓரளவு நிழல் தந்தது. தம் கணக்கை வேறொருவர் எழுதக் கேட்டு நின்றவர்களை, குறிப்பாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை, அந்த நிழல் நெடுங்காலம் எட்டவில்லை.

அரசர் காலத்துக் கடன் வழக்கங்களுக்குக் கிடைக்கும் விரிவான சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் சிறைப்பட்டிருந்த இந்த ஆங்கில மாலுமி, பிற்காலத்தில் கண்டிக்கு அருகே உடுநுவரையில் வீடு கட்டி வாழ்ந்தார். பிழைப்புக்காக அவரே நெல்லைக் கடன் கொடுத்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி கிடைத்தாலும், அறுவடைக் காலத்தில் களந்தோறும் போய் நின்று வசூலிப்பது பெரும்பாடாக இருந்தது. 1681இல் அச்சான அவருடைய நூலின்படி, கடன் இரண்டு ஆண்டில் இரட்டிக்கும். அதற்குமேல் எத்தனை ஆண்டு போனாலும் வட்டி ஏறாது. ஏழைகளுக்காக அரசர் விதித்த வரம்பு என்று அவர் அதைக் குறிப்பிடுகிறார். அந்த வரம்பு இருந்தும், ஒரு மரக்கால் தானியக் கடனுக்காகக் குடும்பம் முழுவதும் அடிமையான கதைகளும் அவருடைய பதிவில் உண்டு.

வசூலிக்கும் முறைகளும் கடுமையானவை. கடன் கொடுத்தவர் அரசரின் பெயரால் ஆணையிட்டு, கடன்பட்டவரை நின்ற இடத்தைவிட்டு நகரவிடாமல் செய்யலாம். சிலர், சிங்களத்தில் நியகலா எனப்படும் கார்த்திகைப்பூச் செடியின் நச்சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடன்பட்டவர் வாசலில் வந்து நின்று, பணம் தராவிட்டால் இதைத் தின்று சாவேன் என்பார்களாம். செத்தால் அந்தப் பழி கடன்பட்டவர் தலையில் விழும். வீட்டில் இருந்த நாணயம் மிகக் குறைவு. நெல், மாடு, பாத்திரம், துணி, கடைசியில் ஆள் என்பதே கொடுக்கல் வாங்கலின் வரிசை. கையிருப்பில் இவ்வளவு குடும்பத்துக்கு விடப்பட வேண்டும் என்ற எல்லை நொக்ஸ் காட்டும் சித்திரத்தில் காணப்படவில்லை. கடனுக்கு அடிமையாகும் வழக்கம் அரசு வீழ்ந்த 1815க்குப் பின்னரும் தொடர்ந்தது; இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முடிவுற்றது 1844இல்தான்.

காசு மலைநாட்டுக்குள் பெருகியது கோப்பியோடு. 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் தொடங்கிய தோட்டம், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கண்ணொருவையில் நட்ட கோப்பி, கொழும்பிலிருந்து கண்டிக்கு வெட்டிய வீதி ஆகியவற்றைத் தொடர்ந்து 1840களில் காடு விற்பனை வெறியாகவே நடந்தது. அரசு உத்தியோகத்தர்களும் படையினரும்கூடக் கடன் வாங்கிக் காணி எடுத்தார்கள். 1841இல் இலங்கையின் முதல் வங்கி தனியாரால் தொடங்கப்பட்டது. அதுவும் இலங்கை வங்கி என்றே பெயர் பெற்றது. 1939இல் பிறந்த இன்றைய வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1849இல் அந்த முதல் வங்கி ஓரியண்டல் வங்கியோடு இணைந்தது. தோட்டக்காரரின் பணம் பெரும்பாலும் கடனாகவே ஓடியது. வரப்போகும் விளைச்சலை ஈடாகக் காட்டிக் கொழும்பு முகவர் நிறுவனங்களிடம் முற்பணம் பெறுவார். அதிலிருந்து கூலிக்கும் அரிசிக்கும் எடுப்பார். மிச்சத்தில் தம் வீட்டை நடத்துவார். தோட்டக் காசு எது, வீட்டுக் காசு எது என்று பிரித்துச் சொல்வது பல பங்களாக்களில் முடியாத காரியமாக இருந்தது.

1847இல் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி வெடித்துக் கோப்பி விலை சரிந்தபோது, பெருந்தொகை கொடுத்து வாங்கிய தோட்டங்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின. அடுத்த ஆண்டு புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. இந்தக் கொந்தளிப்புக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்ததே 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கடனிறுக்க வகையற்றோர் பற்றிய இச்சட்டம் 1849ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றியது. வகையற்றுப் போனவர் தாமே மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போடலாம். கடன் கொடுத்தவரும் அவர்மீது மனுப்போடலாம்.

இச்சட்டம் எந்தெந்தச் செயலை முறிவின் அடையாளமாகக் கொண்டது என்பதில் அக்கால வீட்டு நடப்பு அப்படியே தெரிகிறது. கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தோடு தீவைவிட்டுப் போவது, குடியிருந்த வீட்டிலிருந்து மறைவது, கதவைச் சாத்திக்கொண்டு முகங்காட்டாமல் இருப்பது, உறவினருக்குச் சொத்தைப் போலியாக எழுதிக் கொடுப்பது, வேண்டுமென்றே பொய்க் கடனுக்குப் பிடிபடுவது ஆகிய யாவும் அதில் அடங்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரங்களைச் சட்டம் எழுத்தில் பதித்தது. ஒருவர் மனுப்போட்டதும் அவர் பெயர் அரசாங்க வர்த்தமானியில் அச்சாகும். கண்டி போன்ற சிறு நகரில் அந்த ஒரு வரி கடைவீதி முழுவதும் பேசப்படும். மானத்துக்கு அஞ்சியே பலர் மனுப்போடுவதைத் தள்ளிவைத்தார்கள் என்று கருத இடமுண்டு. தள்ளிப்போன அந்த மாதங்களில்தான் கையிருப்பு கரைந்தது.

மனுவுக்குப் பின் சொத்து முழுவதும் கடன் கொடுத்தோர் கூடித் தெரிவு செய்யும் பொறுப்பாளரிடம் சேரும். ரொக்கம், வங்கி மீதி, வரவேண்டிய பாக்கி, கணக்குப் புத்தகம் எல்லாம் அவர் கைக்குப் போகும். பின் பகிரங்க விசாரணை. அதில் ஆணையிட்டுப் பதில் சொல்ல வேண்டும்: கடைசியாக எடுத்த பணம் எங்கே போயிற்று? மைத்துனருக்கு மட்டும் ஏன் முழுக்கடனும் தீர்ந்தது? நகை எப்போது, யாருக்குக் கைமாறியது? பதில்களை எடைபோட்டு நீதிமன்றம் மூன்று தரத்தில் ஒன்றாகச் சான்றிதழ் வழங்கும். தவிர்க்க முடியாத நட்டத்தால் மட்டும் முறிந்தவருக்கு முதல் தரம். ஓரளவு தம் பிழையும் உள்ளவருக்கு இரண்டாம் தரம். தம் நடத்தையாலேயே முறிந்தவருக்கு மூன்றாம் தரம். சூதாட்டத்தில் பணம் தொலைத்தவரும், கணக்கை அழித்தவரும், சொத்தை ஒளித்தவரும் சான்றிதழை இழக்கக்கூடும். இடைக்காலத்தில் குடும்பம் சாப்பிட வேண்டுமே என்பதையும் சட்டம் எண்ணிப் பார்த்தது. முறிந்தவருடைய சொத்திலிருந்தே அவருக்கும் குடும்பத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகை விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. கடனுக்காக ஆளையே பிடித்துச் சிறையில் அடைக்கலாம் என்றிருந்த காலத்தில், கைதிலிருந்து கிடைத்த பாதுகாப்பே மனுப்போட்டவர் தேடிய முதல் பயன்.

ஆகவே மனுப்போடுவதற்கு முன் காசை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமே மறைமுகமாகச் சொல்லிக் கொடுத்தது. அன்றாடச் செலவுக்கு எடுத்த பணத்துக்குக் கணக்கு இருந்தால் அதில் தவறு காண்பது கடினம். பெருந்தொகையை ஒரே நாளில் எடுத்து வீட்டில் வைத்தால் அது ஒளிப்பு. நெருங்கிய ஒருவருக்கு மட்டும் கடனைத் தீர்ப்பது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி. உறவினருக்கு எழுதிய நன்கொடையைத் தகர்க்கக் கடன் கொடுத்தவருக்கு வேறொரு வழியும் இருந்தது. ரோம-டச்சுச் சட்டத்தில் இருந்து வந்த பவுலியன் வழக்கு அது. ஏமாற்றும் நோக்கத்தில் கைமாறிய சொத்தை மீட்க அது உதவியது.

வங்கிக் கணக்கில் இன்னொரு சிக்கல் இருந்தது. வங்கித் தொழிலுக்கு இங்கிலாந்துச் சட்டமே பொருந்தும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டளைச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. அதன்படி, ஒரே வங்கியில் ஒருவருக்குக் கடனும் வைப்பும் இருந்தால், வங்கி ஒன்றை மற்றதோடு எதிரீடு செய்துகொள்ளலாம். கடன் வாங்கிய வங்கியிலேயே வீட்டுச் செலவுப் பணத்தையும் வைத்திருந்தவர் ஒரு காலையில் கணக்கு வெறுமையாகிப் போனதைக் காணக்கூடும். இந்த விதி இன்றும் மாறவில்லை.

மனைவியின் சொத்து விடயத்தில் கண்டிக்குத் தனி வரலாறு உண்டு. கண்டியச் சட்டத்தில் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் வேறு வேறு. தீக முறையில் கணவன் வீட்டுக்குப் போனவளாயினும், பின்ன முறையில் கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவளாயினும், அவளுக்குரியது அவளுக்கே. அவன் கடனுக்கு அவள் காணியை எடுக்க இயலாது. கரையோரத்தில் நிலைமை வேறு. அங்கே ரோம-டச்சுச் சட்டப்படி தம்பதியின் சொத்து பொதுவாயிருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அந்தப் பொதுமையை நீக்கியது. மணமான பெண் தன் சொத்தை முழு உரிமையோடு ஆள 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டி நகரில் கடை வைத்திருந்த இந்தியத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்தியது இந்தப் பொதுச் சட்டமே. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு கடைகள் முறிந்தால், மனைவியின் நகையும் சேமிப்பும் நிற்குமா என்பது அவர்கள் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதைப் பொறுத்திருந்த காலம் அது. மனைவி பெயரில் முறிவுக்குச் சற்று முன் கணக்குத் திறந்து பணம் மாற்றியவருக்கு எந்தச் சட்டமும் துணை நிற்கவில்லை. பணம் யாருடைய உழைப்பில் வந்தது என்றே நீதிமன்றம் கேட்டது.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, கைப்பற்றக் கூடாத பொருட்களைத் தெளிவாக எழுதியது. உடுக்கும் துணி, படுக்கை, தொழிற்கருவி, உழவருக்கு வேண்டிய ஏரும் மாடும் விதைநெல்லும், கூலியாளின் சம்பளம் ஆகியவை அதில் இருந்தன. நொக்ஸின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் கூலியாளின் சம்பளத்தைப் பாதுகாத்த அதே நூற்றாண்டு, அந்தச் சம்பளம் அவன் கைக்கு வருமுன்பே கரைந்துபோகும் ஏற்பாட்டையும் நடத்திக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி கடனோடுதான் தோட்டத்துக்குள் கால் வைத்தான். ஊரில் ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, வந்தபின் வாங்கிய அரிசி, கம்பளி எல்லாம் அவன் பெயரில் ஏறின. அவனுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கையில் புத்தகமும் கிடையாது. கணக்கு கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலும் கங்காணியின் நினைவிலும் இருந்தது. தோட்டம் மாறும்போது அந்தக் கடன் துண்டு என்ற காகிதத்தில் எழுதப்படும். கங்காணியும் அவனுடைய ஆட்களும் எவ்வளவு தர வேண்டும் என்று பழைய துரை எழுதித் தர, புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு நடந்து போகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனவனுக்குச் சிறைத் தண்டனை உண்டு. கோப்பித் துரை கடனில் முறிந்தால் அவருக்கு மாவட்ட நீதிமன்றமும் கைதிலிருந்து பாதுகாப்பும் இருந்தன; அவருடைய தோட்டத்தில் பழம் பறித்தவனுக்கு அதே நீதித்துறை சிறைக் கதவைக் காட்டியது. கண்டியின் கடன் வரலாற்றில் இதைவிடக் கொடிய ஏற்றத்தாழ்வு வேறில்லை. துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தடை செய்தது.

1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைநோய் காலப்போக்கில் கோப்பியைத் தின்று முடித்தது. ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் வரை பரந்திருந்த பயிர் அழிய, ஈடு வைத்த தோட்டங்களுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினர் பலர் தீவைவிட்டே வெளியேறினார்கள். போனவர்கள் பின்னே விட்டுச் சென்றவற்றில் மாதக்கணக்கான கூலிப் பாக்கியும் இருந்தது. தொழிலாளரின் சம்பளமே தோட்டத்தின்மீது முதற் சுமை என்று 1884ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஈடு பிடித்தவருக்கு முன் கூலிக்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற இந்த விதி, முறிவுச் சட்டத்தில் லயத்துக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் உருப்படியான இடம்.

அதே 1884இல் முறிந்தது ஒரு வங்கி. கோப்பிக் கடனில் ஆழமாக இறங்கியிருந்த ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் மே 3ஆம் தேதி கதவை மூடியது. தீவில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அதனுடையது. சிக்கனமாகச் சேர்த்த குடும்பத்துக்கும் கடன்பட்ட குடும்பத்துக்கும் ஒரே நாளில் கையிலிருந்த காகிதம் மதிப்பிழக்கும் நிலை வந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுத்துக் குழப்பத்தை அடக்கினார். 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அரசு நாணயத் தாள்கள் அச்சாகி அடுத்த ஆண்டிலிருந்து புழக்கத்துக்கு வந்தன. நோட்டு வைத்திருந்தவர் தப்பினார். வைப்பு வைத்திருந்தவர் அந்த உத்தரவாதத்துக்குள் வரவில்லை. காசைத் தனியார் வங்கியில் வைப்பது பற்றிய அச்சம் அந்தத் தலைமுறையை விட்டு நீங்கவில்லை. 1885இல் தபாலகச் சேமிப்பு வங்கி தொடங்கியபோது, சிறு தொகை சேர்த்தவருக்கு அரசின் பொறுப்பில் ஒரு புத்தகம் கிடைத்தது.

வங்கிக்கு வெளியே ஓடிய பணமே கண்டிக் கடைவீதியை நடத்தியது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆங்கிலேய வங்கிகளில் கடன் எடுத்து, அதைக் கடைக்காரருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தார்கள். பேரேடும் ஐந்தொகையும் அவர்களிடம் இருந்த ஒழுங்குக்கு அக்கால வங்கிகளே ஈடில்லை எனலாம். 1925இல் ஒரு செட்டியார் நிறுவனம் பெருந்தொகை கட்டத் தவறியதும் வங்கிகள் எல்லாச் செட்டியாருக்கும் கடனை இறுக்கின. தொடர்ந்து 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியில், கோப்பிக்குப் பின் வந்த தேயிலையும் ரப்பரும் விலை இழக்க, ஈட்டில் இருந்த காணிகள் பல கைமாறின. சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் 1934இல் அறிக்கை தந்த வங்கி ஆணைக்குழு, உள்ளூர் மக்களுக்குக் கடன் தரும் அரச உதவி பெற்ற வங்கி வேண்டும் என்றது. 1939 ஆகஸ்ட் 1இல் இலங்கை வங்கி திறந்தது. கொழும்புக்கு வெளியே அதன் முதல் கிளை 1941இல் கண்டியில் அமைந்தது.

சிறு குடும்பங்களின் புகலிடம் வேறு. கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில் 1906இலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது; அதற்கான சட்டம் 1911இல்தான் வந்தது. பெண்கள் கூடிப் போடும் சீட்டு, எந்தப் பதிவும் இல்லாமல் நம்பிக்கையில் நடந்தது. சீட்டுப் பணம் மாதம் ஒருவர் கைக்குப் போய்விடுவதால் கடன்காரர் கண்ணில் படுவதில்லை. ஆனால் முதலில் எடுத்தவர் முறிந்தால் சுமை முழுவதும் மற்றப் பெண்களின் தலையில். சீட்டு நடத்துவோரை ஒழுங்குபடுத்த 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. மாதச் சம்பளக்காரரை, முக்கியமாக எழுதுவினைஞரையும் புகையிரத ஊழியரையும், சம்பள நாளில் வாசலில் காத்து நிற்கும் ஆப்கானிய வட்டிக்காரர் அலைக்கழித்தார்கள். 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் அநியாய வட்டியை நீதிமன்றம் திறந்து பார்க்க இடமளித்தது. 1941இல் கடன் இணக்கச் சபை அமைக்க வழி செய்யப்பட்டது. 1942இல் அடகு பிடிப்போர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் செட்டியார்கள் ஒருவர் பின் ஒருவராக ஊர் திரும்ப, அவர்கள் இடத்தை 1961இல் பிறந்த மக்கள் வங்கியும், 1888இல் ஹட்டனில் இரு தோட்டக்காரர் தொடங்கிய வங்கியிலிருந்து 1970இல் உருவான ஹட்டன் நஷனல் வங்கியும் நிரப்பின. 1972இல் தபாலகச் சேமிப்பும் பழைய இலங்கைச் சேமிப்பு வங்கியும் தேசிய சேமிப்பு வங்கியாயின. தோட்டத்துச் சம்பளம் மெல்ல மெல்ல வங்கிக் கணக்குக்கு மாறியது. ஒரு நூற்றாண்டாகக் கணக்கில்லாதிருந்த குடும்பத்துக்குப் புத்தகம் கிடைத்தது பெரிய காரியம். அதோடு, கடனுக்குத் தவணை பிடித்தபின் மிச்சம் மட்டும் கைக்கு வரும் வழக்கமும் வந்தது.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் தந்தது. பராட்டே எனப்படும் இந்த ஏலத்தின் முன் 1853இன் சட்டத்தில் இருந்த விசாரணையும் வாழ்க்கைச் செலவு ஒதுக்கீடும் இல்லை. அதே ஆண்டு அமைந்த கடன் தகவல் பணியகம் தவறிய தவணையை எல்லா வங்கிக்கும் தெரியப்படுத்தியது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரேயடியாக 14.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. நான்கு நாளில் அரசே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. கண்டியின் சுற்றுலா விடுதிக்காரர், முச்சக்கர வண்டி தவணைக்காரர், கடைக்காரர் எனப் பலருக்கு அந்த ஆண்டு வருமானம் அறுந்து வட்டி மட்டும் ஏறியது. 2024இல் பராட்டே ஏலங்கள் டிசம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டன. பின் அந்த இடைநிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது.

தனிநபர் முறிவுக்கு வழி சொல்வது இந்தப் பிந்திய நெருக்கடியின்போதும் 1853இன் சட்டமே. வர்த்தமானியில் பெயர் வருவதையும் கணக்கு முழுவதும் பொறுப்பாளர் கைக்குப் போவதையும் நினைத்து, குடும்பங்கள் அதற்கு முன் வேறு படிகளை ஏறிப் பார்க்கின்றன: வங்கியோடு பேசித் தவணையை நீட்டுவது, தாலியைத் தவிர்த்து மற்ற நகையை அடகு வைப்பது, சீட்டை முன்கூட்டியே எடுப்பது. சம்பளம் வரும் கணக்கைக் கடன் வாங்கிய வங்கியிலிருந்து பிரித்து வைப்பதும், எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டை வைத்திருப்பதும் அவற்றுள் அடங்கும். முறிவுக்கு முன் உறவினருக்குப் பணம் மாற்றுவது, ஒருவருடைய கடனை மட்டும் தீர்ப்பது, நகையை மறைப்பது ஆகியன மாவட்ட நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகக்கூடிய செயல்களாகவே தொடர்கின்றன.